ஒரே செட், மூன்று பெயர்: ஓசூர் முதல் தருமபுரி வரை டச் போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு

2024 மார்ச் மாதம் ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு போன்கள் வந்தன. ஒன்று விவோவின் துணைப் பிராண்டான ஐக்யூவின் இசட்9, இன்னொன்று விவோ டி3. இரண்டிலும் டைமென்சிட்டி 7200 சில்லு, 5,000 எம்ஏஹெச் பேட்டரி, 44 வாட் சார்ஜர். இரண்டுக்கும் தொடக்க விலை 19,999 ரூபாய். முதுகின் வடிவமைப்பையும் பெட்டி மேல் இருந்த பெயரையும் எடுத்துவிட்டால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். முதலாவது அமேசானில் விற்றது, இரண்டாவது ஃபிளிப்கார்ட்டில்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இது புரியாத விஷயமில்லை. ஒரே தோப்பின் பெங்களூரா மாங்காய் ஒரே கூழ் ஆலைக்குப் போய், டின்னில் அடைத்த பிறகு வாங்குகிற கம்பெனிக்குத் தகுந்த லேபிளோடு வெளியே போகும். போனிலும் அதே கதைதான். லேபிளைப் பார்த்து விலை கொடுக்காமல் டின்னுக்குள் இருப்பதைப் பார்க்க வேண்டும். அதோடு, லேபிள் ஒட்டியவருக்கு எந்த இடத்தில் லாபம் வருகிறது என்றும் பார்க்க வேண்டும். பெட்டி மேல் அச்சடித்த விலை பாதிக் கணக்குதான். மீதியை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு வழியில் வசூலிக்கிறது.

கடைக்கும் ஆன்லைனுக்கும் நடுவே

இந்தியாவில் போன் விற்கும் முறை 2014இல் திரும்பியது. அந்த பிப்ரவரியில் மோட்டோ ஜி 12,499 ரூபாய்க்கு ஃபிளிப்கார்ட்டில் மட்டும் வந்தது. ஜூலையில் ஷாவ்மி தன் மி 3ஐ 13,999க்கு அதே வழியில் இறக்கியது. மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், கடைக்காரர் என்ற மூன்று கை கமிஷனும் இல்லாமல் போனதால் அந்த விலை சாத்தியமானது. அதுவரை கொடிகட்டிப் பறந்த மைக்ரோமேக்ஸ் வகையறாக்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓரங்கட்டப்பட்டன.

ஓப்போவும் விவோவும் நேரெதிர் வழியில் போயின. ஊர் ஊராகக் கடைப் பலகையை நீலத்திலும் பச்சையிலும் மாற்றின. கம்பெனிச் சட்டை போட்ட புரமோட்டரைக் கடைக்குள் நிறுத்தின. ஒரு செட் விற்றால் கடைக்கு இவ்வளவு, புரமோட்டருக்கு இவ்வளவு என்று தனித்தனி ஊக்கத்தொகை வைத்தன. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமோ தருமபுரி நான்கு ரோட்டிலோ கடைக்குள் நுழைந்ததும் "சார், இதுல கேமரா நல்லா இருக்கும்" என்று ஒரு தம்பி எடுத்து நீட்டுகிற செட், அவருக்கு அந்த வாரம் அதிக ஊக்கத்தொகை தருகிற செட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவர் சம்பளம் அப்படி அமைந்திருக்கிறது.

சாம்சங் இரண்டு பக்கமும் காலை ஊன்றியது. ஏ சீரிஸ் கடைக்கு. 2019 ஜனவரியில் தொடங்கிய எம் சீரிஸ் ஆன்லைனுக்கு. 2020இல் ஃபிளிப்கார்ட்டுக்கென்று எஃப் சீரிஸ். 2024இல் வந்த எஃப்15, எம்15 இரண்டும் ஒரே டைமென்சிட்டி 6100+ சில்லு, ஒரே 6,000 எம்ஏஹெச் பேட்டரி. கடைக்கு வந்த ஏ15 5ஜியிலும் அதே சில்லுதான், ஆனால் பேட்டரி 5,000. ஷாவ்மி வீட்டிலும் இது உண்டு: 2023இன் ரெட்மி 12 5ஜியும் போக்கோ எம்6 ப்ரோ 5ஜியும் ஒரே சில்லு, ஒரே 6.79 அங்குலத் திரை.

ஆகவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்று. பிடித்த மாடலின் சில்லுப் பெயர், திரை அளவு, பேட்டரி அளவு மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். அதன் இரட்டைப் பிறவி வேறு பெயரில் வந்துவிடும். விலை வித்தியாசம் ஆயிரத்துக்குள் இருந்தால் கடையிலேயே வாங்குவது நல்லது என்பது என் கட்சி. முதல் வாரத்தில் ஏதாவது கோளாறு வந்தால் கையோடு கொண்டுபோய் நிற்க ஒரு முகம் வேண்டும். இரண்டாயிரம் மூவாயிரம் என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

கடையில் வாங்கினால் இன்னொன்றைக் கவனியுங்கள். கம்பெனி தன் விற்பனைக் கணக்கைப் பெரும்பாலும் செட் முதன்முறை ஆன் ஆகி நெட்டில் சேரும் நேரத்தில்தான் பதிகிறது. மாதக் கடைசியில் டார்கெட்டை எட்டுவதற்காகச் சில கடைகளில் சீலை உடைத்து ஆக்டிவேட் செய்து வைப்பார்கள். அந்த நாளிலிருந்தே உங்கள் ஓராண்டு வாரண்டியும் ஓட ஆரம்பித்துவிடும். சீல் உடைந்த செட்டைத் தந்தால், கம்பெனித் தளத்தில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு செட்டுக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டு வாரண்டி தொடக்க நாளைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பில் தேதியோடு பொருந்தாவிட்டால் வேறு பெட்டி கேளுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை என்று சொல்வது பற்றியும் ஒரு வரி. கிரெடிட் கார்டில் 20,000 ரூபாய் செட்டை ஆறு மாதத் தவணையில் 15 சதவீத வட்டிக்கு எடுத்தால் வட்டி ஏறக்குறைய 850 ரூபாய். அந்தத் தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, வட்டி என்று திரும்ப வாங்குகிறார்கள். வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 150 ரூபாய் சொச்சம், அதோடு செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான். ரொக்கமாகக் கொடுப்பவர் அந்த 850 தள்ளுபடியைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை.

மலிவான செட் எப்படிச் சம்பாதிக்கிறது

ஷாவ்மி நிறுவனர் லெய் ஜுன் 2018 ஏப்ரலில் ஒரு வாக்குறுதி கொடுத்தார்: கருவிகளை விற்பதில் நிகர லாபம் ஐந்து சதவீதத்தைத் தாண்டாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனி நடக்க வேண்டுமே? மீதி, போனுக்குள் ஓடும் விளம்பரம், ஆப் ஸ்டோர், முன்பே ஏற்றிவைத்த செயலிகள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. ஷாவ்மி மட்டுமல்ல, பத்து பதினைந்தாயிரம் விலைப் பட்டியலில் இருக்கிற பெரும்பாலோருக்கும் இதே வழிதான். பூட்டுத்திரையில் தானாக மாறும் படங்களும் செய்திகளும் இந்தக் கணக்கில் சேரும்.

இதைக் குறைக்க முடியும். ரெட்மி, போக்கோ செட்டில் செட்டிங்ஸ் திறந்து, கடவுச்சொல் மற்றும் பாதுகாப்புப் பகுதிக்குள் போய், அனுமதி திரும்பப் பெறும் இடத்தில் எம்எஸ்ஏ (msa, விளம்பரம் காட்டும் கம்பெனிச் செயலி) என்ற பெயரைத் தேடி அணையுங்கள். பத்து விநாடி காத்திருக்கச் சொல்லும். பிறகு "முடியவில்லை" என்று ஒரு பிழைச் செய்தி வரும். நெட் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தால் அணைந்துவிடும். அடுத்து, தனியுரிமைப் பகுதியில் விளம்பரப் பரிந்துரையை நிறுத்துங்கள். கடைசியாக, கோப்பு மேலாளர், தீம் போன்ற கம்பெனிச் செயலிகளின் உள்ளே இருக்கும் 'ரெகமெண்டேஷன்' பொத்தானை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டும். மொத்தம் இருபது நிமிட வேலை. ரியல்மி, ஓப்போ செட்டில் முகப்பில் இருக்கும் 'ஹாட் ஆப்ஸ்', 'ஹாட் கேம்ஸ்' அடைவுகளை நீக்கிவிட்டு, கம்பெனி ஆப் ஸ்டோரின் அறிவிப்பையும் நிறுத்துங்கள். பெரிய அப்டேட் வந்தபின் இவற்றில் சில தாமாகவே திரும்ப உயிர்பெறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆப்பிளில் இந்தத் தொந்தரவு இல்லை என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை, அவ்வளவுதான். சஃபாரியில் தேடுபொறியாக இருப்பதற்காகக் கூகுள் 2022இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. நம் தேடலை விற்பதில் ஆப்பிளும் பங்கு வாங்குகிறது, சத்தமில்லாமல்.

பக்கத்து ஆலையும் ஐபோன் விலையும்

ஓசூரை அடுத்துள்ள டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உலோக உடல் உருவாகிறது. தினமும் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் போவதைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: இங்கேயே செய்கிறார்களே, விலை ஏன் குறையவில்லை?

2024 செப்டம்பரில் ஐபோன் 16 அமெரிக்காவில் 799 டாலர், இங்கே 79,900 ரூபாய். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது, நம் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது. அதைக் கழித்தால் 67,712. அன்றைய டாலர் 84 ரூபாய் என்று வைத்தால் 799 டாலர் 67,116 ரூபாய். வித்தியாசம் அறுநூறு ரூபாய்கூட இல்லை! சாதாரண மாடலை இந்தியாவில் அதிக விலைக்கு விற்கிறார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை, அது பெரும்பாலும் வரி. 2020 ஏப்ரலில் போனுக்கான ஜிஎஸ்டி 12இலிருந்து 18க்கு ஏறியதை மறந்துவிடுகிறோம்.

இப்போது ப்ரோவைப் பாருங்கள். 16 ப்ரோ அங்கே 999 டாலர், இங்கே 1,19,900. ஜிஎஸ்டி கழித்தால் 1,01,610. டாலர் கணக்கில் 83,916. இங்கே 17,700 ரூபாய் கூடுதல். ஆசைப்பட்டு வாங்குகிறவர் கணக்குப் பார்க்கமாட்டார் என்பது ஆப்பிளின் கணிப்பு. அதே போலத்தான் சேமிப்பு இடமும். 16இல் 128 ஜிபியிலிருந்து 256க்குப் போக 10,000 ரூபாய், 512க்கு மேலும் 20,000. மெமரி கார்டு போட இடமே இல்லாததால் வேறு வழியில்லை. 2025இல் ஐபோன் 17 வந்தபோது அடிப்படையே 256 ஜிபி, விலை 82,900. முந்தைய ஆண்டின் 256 ஜிபி விலையோடு வைத்துப் பார்த்தால் 7,000 ரூபாய் இறக்கம், ஆனால் 'விலை ஏறிவிட்டது' என்றுதான் ஊரெல்லாம் பேச்சு.

திரை

மேலே சொன்னதெல்லாம் ஒரு முறை கொடுக்கும் பணம். திரை அடிக்கடி கேட்கும்.

தொடுதிரையில் இரண்டு சாதி. நோக்கியா 5800இலும், 2011இல் மாணவர்களுக்கென்று அரசு கொண்டுவந்த முதல் ஆகாஷ் டேப்லெட்டிலும் இருந்தது அழுத்தத்தால் வேலை செய்கிற ரெசிஸ்டிவ் வகை. நகத்தால், குச்சியால், கையுறையோடு அழுத்தலாம், ஆனால் அழுத்தி அழுத்திக் கை வலிக்கும். 2007 ஐபோன் பரவலாக்கிய கெப்பாசிட்டிவ் வகைதான் இன்று எல்லாவற்றிலும். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. விரல் வந்தால் அந்த இடத்து மின்னேற்றம் சற்றுக் குறையும், எங்கே குறைந்தது என்று சில்லு கண்டுபிடிக்கும். தண்ணீரும் மின்னேற்றத்தை மாற்றும். அதனால்தான் ஓசூர் ரோஜாப் பண்ணையில் ஈரக்கையோடு எடுத்தாலும், மழைத்துளி விழுந்தாலும் டச் தாறுமாறாக ஓடுகிறது. திரையில் கோளாறு இல்லை, துடைத்தால் சரியாகிவிடும்.

துடைக்காமலே டச் தானாக ஓடினால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால் குற்றவாளி சார்ஜர். மலிவான சார்ஜரின் மின்இரைச்சல் திரையின் அளவீட்டைக் குழப்புகிறது. எர்த் சரியில்லாத பம்ப்செட் கொட்டகையில் இது இன்னும் மோசமாகும். இதைச் சோதிக்காமல் "டச் போயிருச்சு, காம்போ மாத்தணும்" என்று திரையும் டச்சும் சேர்ந்த பாகத்தையே மாற்றி ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் நிறைய.

இந்த மாவட்டங்களுக்கே உரிய இன்னொரு எதிரி கிரானைட் தூசி. கிரானைட்டில் கணிசமாகக் குவார்ட்ஸ் இருக்கிறது, அதன் கடினம், கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 7. போன் கண்ணாடியில் 6இல் மெல்லிய கீறல், 7இல் ஆழமான கீறல் விழும். அறுக்கும் பட்டறையிலோ குவாரியிலோ வேலை செய்பவர் லுங்கியாலோ துண்டாலோ திரையைத் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் தூசியை ஒற்றி எடுத்து, கடைசியில்தான் துடைக்க வேண்டும். இவர்களுக்கு டெம்பர் கிளாஸ் கட்டாயம். சார்ஜ் துளையில் தூசி அடைத்தால், செட்டை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டுங்கள், ஊசி வேண்டாம். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கானது: ஐபி54இல் இருக்கும் 5 என்றால் கொஞ்சம் தூசி உள்ளே போகும், ஐபி64, ஐபி68இல் இருக்கும் 6 என்றால் போகாது. விளம்பரம் இரண்டாம் இலக்கத்தையே, அதாவது தண்ணீரையே, பேசும். கிரானைட் ஊரான பர்கூர்க்காரர் முதல் இலக்கத்தைப் பார்க்க வேண்டும்.

திரை உடைந்தால் சர்வீஸ் கடையில் மூன்று தரம் சொல்வார்கள்: ஒரிஜினல், ஓஎல்இடி காப்பி, இன்செல். அமோலெட் (ஓஎல்இடி வகைத் திரை) செட்டுக்கு மலிவான இன்செல் (எல்சிடி வகைத் திரை) போட்டால், திரைக்கடியில் இருக்கும் கைரேகை உணரி வேலை செய்யாது, ஏனென்றால் உணரிக்கு வேண்டிய ஒளி எல்சிடியின் பின்விளக்குத் தகட்டைத் தாண்டி வராது. திரை கொஞ்சம் தடிப்பாக இருப்பதால் ஓரத்தில் இடைவெளி விழும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஐபோனில் வெளித் திரை போட்டால், சுற்று வெளிச்சத்துக்குத் தகுந்தபடி திரை நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் போய்விடுவதும், செட்டிங்ஸில் 'அறியப்படாத பாகம்' என்று காட்டுவதும் வழக்கம். எந்தச் செட்டானாலும் ஒரு முறை திறந்தபின் ஐபி68 என்பதை மறந்துவிடுங்கள், ஓரத்துப் பசை போனது போனதுதான்.

கண்ணாடி மட்டும் உடைந்து படமும் டச்சும் சரியாக இருந்தால் மேல் கண்ணாடியை மட்டும் மாற்றும் கடைகள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் உண்டு, ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். வளைந்த ஓரத் திரையில் அந்த வேலை அடிக்கடி சொதப்பும். தட்டைத் திரை வாங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவே போதும். அமோலெட்டில் திடீரென்று மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுந்தால் எந்த அப்டேட்டும் அதைச் சரிசெய்யாது. சில கம்பெனிகள் சில மாடல்களுக்கு வாரண்டி முடிந்தபிறகும் இலவசமாக மாற்றிக் கொடுத்திருக்கின்றன. வெளிக் கடைக்குப் போகும்முன் ஒரு முறை கம்பெனியில் கேளுங்கள்.

கம்பெனி சர்வீஸ் எங்கே இருக்கிறது என்பதை வாங்கும் முன்னரே பார்க்க வேண்டும். கம்பெனித் தளத்தில் பின்கோடு போட்டால் போதும்: தருமபுரி 636701, கிருஷ்ணகிரி 635001, ஓசூர் 635109. பக்கத்தில் இல்லை, சேலமோ பெங்களூரோ போகச் சொல்கிறது என்றால் இரண்டு நாள் கூலியையும் பஸ் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மலை ஏறினால்

வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேமராவைவிட பேண்ட், அதாவது செட் பிடிக்கும் அலைவரிசை, முக்கியம். குறைந்த அலைவரிசை தூரம் போகும், மரம் சுவரைத் தாண்டும். 700 மெகாஹெர்ட்ஸ் அப்படிப்பட்டது. பேண்ட் 28 என்பார்கள். ஜியோ 5ஜியும் பிஎஸ்என்எல் 4ஜியும் அதைப் பயன்படுத்துகின்றன. 5ஜிக்கான 3,500 மெகாஹெர்ட்ஸ், அதாவது என்78, வேகமானது, ஆனால் குன்றைத் தாண்டாது. ஆகவே விவரக்குறிப்பில் 4ஜி பட்டியலில் 28ம், 5ஜி பட்டியலில் என்28ம் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை குறைப்பு இங்கேயும் ஒளிந்திருக்கும். 2024 நவம்பரில் 8,499 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ4 5ஜியின் சில்லு தனித்து இயங்கும் 5ஜியை மட்டும் ஏற்கும். ஜியோ அந்த முறை. ஏர்டெல் அப்போது 4ஜியோடு சேர்ந்து இயங்கும் முறையில் இருந்ததால், ஏர்டெல் சிம் போட்டவருக்கு அதில் 5ஜி வரவில்லை. பெட்டியில் பெரிதாக 5ஜி என்றுதான் இருந்தது.

ரேம், பேட்டரி, வயது

'4 + 4 ஜிபி ரேம்' என்றால் ரேம் நாலுதான். மற்ற நாலு சேமிப்பிலிருந்து கடன். சேமிப்பு இஎம்எம்சி வகையா, யூஎஃப்எஸ் வகையா என்று பாருங்கள். இஎம்எம்சி 5.1 விநாடிக்கு 250 எம்பி அளவில் படிக்கும், யூஎஃப்எஸ் 2.2 அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. இரண்டு ஆண்டில் செட் 'இழுப்பதற்கு' முக்கியக் காரணம் இது.

பேட்டரிக்கு வெயில் எமன். தருமபுரி ஏப்ரல் வெயிலில் வண்டி டேங்க் மேல் வைத்துக்கொண்டு சார்ஜ் போடுவதைத் தவிருங்கள். வண்டிக் கைப்பிடியில் மாட்டுவது கேமராவுக்கும் ஆகாது: என்ஜின் அதிர்வு, படம் ஆடாமல் காக்கும் லென்ஸ் அமைப்பைக் கெடுக்கும் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. ஐபோன் 14 வரை 500 சார்ஜ் சுற்றிலும், 15 வகையில் 1,000 சுற்றிலும் பேட்டரித் திறனில் 80 சதவீதம் மிஞ்சும் என்று ஆப்பிள் கணக்குச் சொல்கிறது. தினம் ஒரு முழுச் சார்ஜ் என்றால் முதலாவது ஒன்றரை ஆண்டுக்கும், இரண்டாவது மூன்று ஆண்டுக்கும் கொஞ்சம் கீழ்.

அப்டேட்டில்தான் கம்பெனிகளின் உத்தி பட்டவர்த்தனமாகத் தெரியும். கூகுள் 2023இல் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் எஸ்24க்கும் ஏழு ஆண்டு என்று அறிவித்தன. சாம்சங் அதோடு நிற்கவில்லை, ஏ16 5ஜிக்கே ஆறு ஆண்டு கொடுத்தது. ஆப்பிள் முன்கூட்டி இவ்வளவு என்று பெரிதாக முழங்குவதில்லை, ஆனால் 2019இன் ஐபோன் 11க்கு 2025இல் ஐஓஎஸ் 26 வந்தது. அடிக்கடி புதுப் பெயரில் புதுச் செட் இறக்கிப் பிழைப்பவருக்குப் பழைய செட் நீண்ட நாள் உழைப்பதில் ஆதாயம் இல்லை. பத்தாயிரத்தை ஒட்டிய பல செட்களில் இரண்டு ஆண்ட்ராய்டு மாற்றத்தோடு கதை முடிவது இதனால்தான். வங்கிச் செயலிகள் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிடும் நாளில் அந்தக் கணக்கு உங்கள் வாசலுக்கு வரும். நான்கு ஆண்டு வைத்திருக்க நினைப்பவர் இரண்டாயிரம் கூடப் போட்டு நீண்ட அப்டேட் உள்ள செட்டை எடுப்பதே சிக்கனம்.

டேப்லெட்டில் போட்டி குறைவு. பிள்ளை படிக்க, படம் பார்க்க என்றால் பதினோரு அங்குல ஆண்ட்ராய்டே போதும். வரைய, வீடியோ வெட்ட என்றால் 34,900க்கு வந்த 2025 ஐபேடுக்கு நிகராக அந்த விலையில் ஆள் இல்லை. ஆனால் பேனாவும் கீபோர்டும் தனிக் காசு, ஆப்பிள் லாபம் எடுக்கும் இடமும் அதுதான்.

கைமாறிய செட்

பழைய ஐபோனுக்கு இப்போது நல்ல கிராக்கி. வாங்கும்போது விற்பவர் கண்முன் இவற்றைச் செய்யுங்கள். *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐயைப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். KYM என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தடை செய்யப்பட்டதா, வேறு மாடலின் எண்ணா என்று பதில் வரும். சாம்சங்கில் *#0*#, ரெட்மியில் *#*#6484#*#* அடித்தால் சோதனைத் திரை திறக்கும். அதில் டச் கட்டங்களை விரலால் முழுக்க நிரப்புங்கள், நிரம்பாத கட்டம் செத்த இடம். சிவப்பு, பச்சை, நீலத் திரைகளில் கறை இருக்கிறதா பாருங்கள். ஐபோனில் 'அபௌட்' பக்கத்தில் பாகங்களின் வரலாறு இருக்கும், மாற்றிய பேட்டரியும் திரையும் அங்கே பெயர் சொல்லும்.

பிறகு செட்டை அவரையே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் சிம்மைப் போட்டு, முகப்புத் திரை வரும்வரை அங்கேயே இருங்கள். பழைய கூகுள் கணக்கோ ஆப்பிள் கணக்கோ கேட்டு நின்றால், அல்லது தவணைக் கம்பெனியின் பூட்டு எழுந்து வந்தால், பணம் உங்கள் பையிலேயே இருக்கும்.